விரல்நுனி ஆக்ஸிமீட்டர்: இரண்டாம் முறை வாங்கிய அனுபவம்

எங்கள் வீட்டில் இப்போது இருப்பது, விரலில் மாட்டி இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர்களில் இரண்டாவது. முதலாவது, கொரோனா பரவிய 2021 மே மாதத்தில் கடைகடையாக அலைந்து, கேட்ட விலையைக் கொடுத்து வாங்கியது. தேவை தீர்ந்ததும் பேட்டரியைக் கழற்றாமலேயே அலமாரியில் வைத்துவிட்டதால், எடுத்துப் பார்த்தபோது உள்ளே பச்சை பூத்துக் கிடந்தது. அந்த ஆண்டு ஜூலையில் மத்திய அரசு இவ்வகைக் கருவிகளின் விற்பனை லாபத்துக்கு 70 சதவீத உச்சவரம்பு விதித்த பிறகு விலை இறங்கியது. அடுத்த பெருந்தொற்று ஃப்ளூ காய்ச்சலாகவே வந்தாலும் முன்போல் தவிக்கக் கூடாது என்று, ஊரெல்லாம் அமைதியாக இருந்த ஒரு நாளில் தெருமுனை மருந்துக்கடையில் இதை வாங்கினேன்.

1970-களில் ஜப்பானியப் பொறியாளர் டகுவோ அவோயாகி கண்ட முறையில்தான் இதுவும் இயங்குகிறது. விரலுக்குள் சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் செலுத்தி, நாடி துடிக்கும்போது இரண்டும் எவ்வளவு உறிஞ்சப்படுகின்றன என்பதை ஒப்பிட்டு, இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் கணிக்கிறது. எண்கள் பெரியவை, எழுபதைத் தாண்டிய என் தாயார் கண்ணாடி இல்லாமலே படித்துவிடுகிறார். கழுத்தில் மாட்டிக்கொள்ளக் கொடுத்திருக்கும் கயிறு எதற்கென்று எனக்கு விளங்கவில்லை.

குறை, கருவியைவிட அதனுடன் வந்த குறிப்புத் தாளில்தான் அதிகம். பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் மட்டும் அச்சிடப்பட்டிருக்கும் அதில், விரல் குளிர்ந்திருந்தால் அளவு தவறும் என்பது கடைசி மூலையில் ஒதுங்கியிருக்கிறது. மார்கழிக் காலையில் பாத்திரம் துலக்கிவிட்டு வந்த அம்மாவின் விரலில் மாட்டியபோது 88 சதவீதம் என்று மிகக் குறைவாகக் காட்டியதைக் கண்டு, ஆட்டோவை அழைக்கும் அளவுக்குப் போய்விட்டோம். உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கி, ஐந்து நிமிடம் உட்கார வைத்து மீண்டும் பார்த்ததும் 97 வந்தது. மாட்டியவுடன் தோன்றும் எண்ணை நம்பாமல், அது நிலைக்கும்வரை அரை நிமிடமாவது பொறுக்க வேண்டும். அடர்நிற நகப்பூச்சும் ஆகாது.

இன்னொன்று, தாளில் எங்குமே இல்லை. கருத்த தோலில் இக்கருவிகள் உண்மையைவிடக் கூடுதலான அளவைக் காட்டக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021-இல் எச்சரித்தது. நம்மில் பெரும்பாலோருக்குப் பொருந்தும் இந்தச் செய்தியை நம் ஊரில் விற்கும் பெட்டியில் ஒரு வரியாகக்கூட அச்சிடாதது எனக்கு ஏற்புடையதாக இல்லை. மூச்சு வாங்குகிறது, உதடு நீலம் பாரிக்கிறது என்றால், கருவி 96 காட்டினாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டியதுதான்.

ஆகவே, இதை வாங்கிய வாரமே ஒவ்வொருவரும் நலமாக இருக்கும்போது காட்டும் அளவைக் குறித்து வைப்பதுதான் இதன் பாதிப் பயன் என்பேன். நீண்ட காலம் புகைபிடித்திருந்த என் தந்தையாருக்கு இயல்பிலேயே 94, 95 என்றுதான் வருகிறது. அது தெரியாமல் காய்ச்சலன்று முதல்முறையாக மாட்டியிருந்தால் வீணாகக் கலங்கியிருப்போம். எனக்கு அதே 94 வந்தால் கலங்கத்தான் வேண்டும், ஏனென்றால் என் இயல்பு 98.

வந்திருப்பது ஃப்ளூவா, வேறு காய்ச்சலா என்பதை இது சொல்லாது. காய்ச்சல் தணிந்ததுபோல் இருந்து மீண்டும் ஏறி, நுரையீரல் பாதிக்கப்படும் கட்டத்தில்தான் இறங்கும் எண் உதவுகிறது. ஃப்ளூவுக்கான ஓசல்டாமிவிர் என்ற மருந்து, அறிகுறி தோன்றிய 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்கு பலனளிக்கும் என்பதால், எண் இறங்கட்டும் என்று மருத்துவரைப் பார்க்காமல் காத்திருப்பது தவறு.

குழந்தைகளுக்கு இது பயன்படாது. நான்கு வயது மகளின் விரல் இடுக்கியில் நிற்காமல் நழுவுகிறது. சிறுவர்களுக்கென்று தனிக் கருவி இருப்பதைக் கடைக்காரர் விற்கும்போது சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதைத் தனியாக வாங்க வேண்டும். பெரியவர்களுக்கு மட்டும் என்றால் இந்த விலைக்கு இது போதும். இப்போது பேட்டரிகளைக் கழற்றித் தனி உறையில் போட்டு, தெர்மாமீட்டரும் என்95 முகக்கவசங்களும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களும் உள்ள டப்பாவிலேயே வைத்திருக்கிறேன். மூடியின் உட்புறத்தில் எங்கள் நால்வரில் மூவரின் எண்கள் ஒட்டப்பட்டுள்ளன.