வீடில்லாதவன் ஆந்தனி மட்டும்தானா?

கிட்டத்தட்ட ஒரு வருடம் பிடித்தது. தினமும் படுப்பதற்கு முன் ஒரு மாதத்துக்கான ஸ்ட்ரிப் (நாளிதழில் தினமும் சில கட்டங்களாக வரும் படக்கதை) என்று கணக்கு வைத்துக்கொண்டு, ஓவியர் லின் ஜான்ஸ்டனின் ‘ஃபார் பெட்டர் ஆர் ஃபார் வொர்ஸ்’ முழுவதையும் முதலிலிருந்து கடைசிவரை படித்து முடித்தேன். முதல் இருபது வருடம் அபாரம். கடைசி ஏழெட்டு வருடம் கடுப்பு. ஆனாலும் படிக்கச் சொல்வேன், எங்கே நிறுத்தலாம் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்கு: இது கனடாவில் நடக்கும் குடும்பக் கதை, 1979 செப்டம்பரில் தொடங்கி 2008 ஆகஸ்டில் முடிந்தது. டொரண்டோவை ஒட்டி மில்பரோ என்று ஒரு கற்பனை ஊர். அங்கே எல்லி, பல் டாக்டரான அவள் கணவன் ஜான், மைக்கேல், எலிசபெத் என்று இரண்டு பிள்ளைகள், 1991இல் கடைக்குட்டியாக வந்து சேரும் ஏப்ரல். இதன் தனித்தன்மை, இதில் எல்லோருக்கும் வயதாகிறது. மற்ற ஸ்ட்ரிப்களில் ஆறு வயதுப் பையன் ஐம்பது வருடமும் ஆறு வயதிலேயே இருப்பான். இங்கே டயப்பரில் இருந்த எலிசபெத் பள்ளிக்கூடம் போய், கண்ணாடி போட்டு, காதலித்து, வேலைக்குப் போகிறாள். நாளிதழில் தினமும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அவள் பக்கத்து வீட்டுப் பெண் மாதிரி ஆகியிருப்பாள்.

இந்த ஸ்ட்ரிப் எவ்வளவு தைரியமாக இருந்தது என்பதற்கு ஃபார்லியின் சாவைத்தான் சொல்லவேண்டும். 1995 ஏப்ரல். வெள்ளம் ஓடும் ஆற்றில் நாலு வயது ஏப்ரல் விழுந்துவிடுகிறாள், வீட்டு நாய் ஃபார்லி குதித்து அவளைத் தூக்கிப் பிடிக்கிறது. பிள்ளை பிழைத்துக்கொள்கிறாள். கிழட்டு நாய்க்கு இதயம் தாங்கவில்லை. சொட்டச் சொட்ட நனைந்த அந்தப் பெரிய உடம்பு அசையாமல் கிடக்கும் கட்டத்தில் நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன், அன்றைக்கு மேலே படிக்கவில்லை. வாசகர்களிடமிருந்து கடிதம் கடிதமாகக் குவிந்ததாம், திட்டியும் அழுதும். ஆனால் நாய் திரும்பி வரவில்லை. அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1993இல், பக்கத்து வீட்டு லாரன்ஸ் தான் ஒரு கே என்று சொன்னபோது பல பத்திரிகைகள் அந்த வாரங்களின் ஸ்ட்ரிப்பைப் போட மறுத்தன, சில மொத்தமாகவே நிறுத்தின. அதற்கும் ஜான்ஸ்டன் பின்வாங்கவில்லை. அதாவது இங்கே நடந்தது நடந்ததுதான், அதன் விளைவை எல்லோரும் சுமந்துதான் ஆகவேண்டும். இதை நம்பித்தானே இத்தனை வருடம் கூடவே வந்தோம்?

அப்புறம் ஆந்தனி வந்தான். வந்தான் என்றால், எலிசபெத்தின் பள்ளிக்கூடக் காதலன்தான், இடையில் காணாமல் போய், மீசையோடும் தெரேஸ் என்ற மனைவியோடும் திரும்பி வருகிறான். 2005இல் கூட வேலை செய்யும் ஹோவர்ட் என்பவன் எலிசபெத்தைப் பலாத்காரமாகப் பிடிக்கிறான், ஆந்தனி ஓடி வந்து காப்பாற்றுகிறான். அதுவரை சரி. அவள் நடுக்கம் நிற்பதற்குள் இவன் தன் கல்யாண வாழ்க்கையின் சோகத்தை எடுத்துவிடுகிறான்: எனக்கு வீடே இல்லை! இன்னும் விவாகரத்துகூட ஆகவில்லை, வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. இந்த ஒரு வசனத்தை ரசிகர்கள் இன்றுவரை கேலி செய்கிறார்கள் என்றால் சும்மா இல்லை. அடிபட்டது யாருக்கு, ஆறுதல் கேட்பது யார்? அந்தச் சம்பவம் எலிசபெத்துக்குள் என்ன செய்தது, ராத்திரி தூங்கினாளா, வேலைக்குத் திரும்பப் பயந்தாளா என்பதை உட்கார்ந்து சொல்ல இந்த ஸ்ட்ரிப்புக்கு ஒரு மாதம் கிடைக்கவில்லை. அது அவளுக்கு நடந்த கொடுமையாக நிற்காமல் ஆந்தனியை நல்லவனாகக் காட்டும் சாக்காக முடிந்துபோகிறது.

தெரேஸுக்கு நடந்தது இன்னும் மோசம். அவளுக்குக் குழந்தை வேண்டாம், அவனுக்கு வேண்டும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறான், பெற்றுக்கொடுக்கிறாள். எலிசபெத் பெயரைக் கேட்டாலே முகம் சுளிக்கிறாள் என்பதற்காக அவளைச் சந்தேகப் பிராணியாக, கல்நெஞ்சக்காரியாக வரைந்து தள்ளினார்கள். ஆனால் கடைசியில் என்ன ஆனது? அவள் சந்தேகப்பட்டதுதானே நடந்தது, ஆந்தனி எலிசபெத்தைத்தானே கட்டிக்கொண்டான்! அவளை இன்னொருவனோடு ஓடவிட்டு, குழந்தை பிரான்ஸ்வாஸை ஆந்தனி கையில் கொடுத்து, கதவைச் சாத்திவிட்டார்கள். அம்மா போனது அந்தக் குழந்தைக்கு எப்படி இருந்தது என்ற கேள்வியும் அந்தக் கதவுக்குப் பின்னாலேயே போய்விட்டது.

எனக்குத் தனிப்பட்ட முறையில் அதிகம் வலித்தது மிட்டிக்வாக்கி. வடக்கு ஒன்டாரியோவில் ஒஜிப்வே பூர்வகுடிகளின் ஒரு கற்பனைக் கிராமம், எலிசபெத் ஆசிரியையாகப் போய்ச் சேருகிறாள். இந்தப் பகுதிக்காக ஜான்ஸ்டன் உண்மையிலேயே உழைத்திருக்கிறார், பூர்வகுடி அமைப்பு ஒன்றிடமிருந்து விருதுகூடக் கிடைத்தது. அங்கே அவளுக்கு ஒரு வாழ்க்கை அமைகிறது, பால் ரைட் என்ற போலீஸ்காரனோடு காதலும். இத்தனை பொறுமையாகக் கட்டியதை, அவள் மில்பரோவுக்குத் திரும்பவேண்டும் என்ற ஒரே அவசரத்துக்காக, பாலை வேறொரு பெண்ணோடு சேர்த்துவிட்டு இழுத்து மூடினார்கள். அந்த மனிதன் அப்படிப்பட்டவன் என்பதற்கு முன்னால் ஒரு கட்டத்தில்கூட அடையாளம் இல்லை, நான் பின்னால் போய்த் தேடிப் பார்த்தேன். அவள் பாடம் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளும் அதோடு போனார்கள்.

இன்னொரு பக்கம் மைக்கேல். குடியிருப்பில் தீப்பிடிக்கிறது, கைப்பிரதி இருக்கும் லேப்டாப்புக்காக உள்ளே திரும்பி ஓடுகிறான் (இதைச் சாகசமாக வேறு காட்டுகிறார்கள், கட்டிய மனைவி இரண்டு பிள்ளைகளோடு வெளியே நிற்கிறாள்), நாவல் விற்றுவிடுகிறது, கடைசியில் அப்பா அம்மா வீடும் அவனுக்கே. அந்த வீட்டில் பிறந்து வளர்ந்த ஏப்ரல் இடம் மாறி ஒதுங்க வேண்டியிருக்கிறது. அவள் கோபப்பட்டால் சின்னப்பெண் அடம் பிடிக்கிறாள் என்கிற மாதிரியே முடித்துவிடுகிறார்கள். வீடில்லை என்று சொல்ல நிஜமாகவே உரிமை இருந்தது அவளுக்குத்தான். அவளுடைய இசைக்குழு, தோழி பெக்கியோடு வந்த விரிசல், சிறப்பு வகுப்பிலிருந்து வந்து நட்பான ஷானன், எல்லாம் நல்ல தொடக்கம், ஒன்றுக்கும் முடிவு இல்லை. கடைசி ஞாயிற்றுக்கிழமை ஸ்ட்ரிப்பில் அவள் படித்து முடித்தாள், குதிரைகள் மேல் ஆசை, கால்கரியில் வேலை என்று ஓரிரு வரி. பள்ளி ஆண்டுமலரில் படத்துக்குக் கீழே போடுவார்களே, அந்த மாதிரி.

நிஜ வாழ்க்கையிலும் எல்லாம் முடிச்சுப் போட்டுத்தானா முடிகிறது என்று சிலர் கேட்பார்கள். ஒத்துக்கொள்கிறேன். எல்லியின் அப்பாவான தாத்தா ஜிம் கதை அப்படிப்பட்டதுதான், பக்கவாதம் வந்து பேச்சு போன பிறகு அவர் மனதில் நினைப்பது நமக்குத் தெரிகிறது, வாயில் வருவது வேறு. அது கடைசிவரை சரியாகவில்லை, அதனால்தான் அது அவ்வளவு நன்றாக இருக்கிறது. எலிசபெத் கல்யாண உடையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்து அவர் கட்டில் பக்கத்தில் நிற்கும் கட்டத்தில், ஆந்தனி மேல் இத்தனை எரிச்சல் இருந்தும், எனக்குக் கண் கலங்கியது. முடிக்காமல் நிறுத்துவதும் ஒரு முடிவுதான். மறந்துபோய் விட்டுவிடுவது அப்படி இல்லை, படிக்கிறவனுக்கு இரண்டும் வித்தியாசம் தெரியும்.

விட்டதையெல்லாம் முடிக்க நேரமில்லை என்றும் சொல்லமுடியாது. 2008 செப்டம்பரில் ஜான்ஸ்டன் கதையை மறுபடி பழைய காலத்துக்கே கொண்டுபோய், பழைய ஸ்ட்ரிப்களோடு புதிதாக வரைந்தவற்றையும் கலந்து கொடுத்தார். எல்லியின் இளமைக்காலத்துக்குப் புதுக் கட்டங்கள் வரைய முடிந்தது.

சரி, எங்கே நிறுத்துவது? ஆரம்ப வருடங்களைப் பொறுமையாகப் படியுங்கள், எண்பதுகளின் நடுவிலிருந்து தொண்ணூறுகளின் கடைசிவரை ஒன்றைக்கூடத் தாண்டாதீர்கள். மிட்டிக்வாக்கிவரை தாராளமாகப் போகலாம். அதற்குப் பிறகு உங்கள் பாடு, ஜிம் தாத்தா வரும் வாரங்களை மட்டும் பொறுக்கிப் படித்தாலும் நஷ்டமில்லை. எனக்கு இன்னும் ஆசை ஒன்றுதான், தெரேஸ் பக்கத்திலிருந்து ஒரு வாரம், திங்கள் முதல் சனி வரை ஆறே ஆறு ஸ்ட்ரிப், ஆந்தனி இல்லாமல்.