மூன்றே வாத்தியத்தில் ஒரு ஓவியனின் வாழ்க்கை: ரேச்சல்ஸின் 'மியூசிக் ஃபார் எகோன் ஷீலே'

பினாங்கின் லோரோங் கூலிட் சந்தையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பழைய சிடிகள் கொட்டிக் கிடந்த பெட்டியைக் கிளறியபோது இந்த ஆல்பம் கிடைத்தது. ஐந்து வெள்ளி. போஸ்ட்-ராக், அதாவது ராக் வாத்தியங்களை வைத்துப் பாட்டுக்குப் பதில் நீண்ட இசையாக வாசிக்கும் பாணி, அதைக் கேட்பவர்கள் பேச்சில் ரேச்சல்ஸ் என்ற இந்தக் குழுவின் பெயர் அடிபட்ட ஞாபகம் இருந்தது, அதனால்தான் எடுத்தேன். ஜெலுத்தோங்கில் வீட்டுக்கு வந்து போட்டால் கிடார் இல்லை, டிரம்ஸ் இல்லை. பியானோ, வியோலா, வயலின் இனத்திலேயே தாழ்ந்த குரல் கொண்ட செல்லோ, அவ்வளவுதான். முதலில் தவறான சிடியை உள்ளே வைத்து விற்றுவிட்டார்களோ என்றே நினைத்தேன்.

ரேச்சல்ஸ் அமெரிக்காவின் லூயிவில் ஊர்க்காரர்கள். ரோடன் என்ற இரைச்சலான ராக் குழுவில் கிடார் வாசித்த ஜேசன் நோபிள் தொடங்கியது. இந்த ஆல்பத்தின் இசையை எழுதி பியானோ வாசிப்பவர் ரேச்சல் கிரைம்ஸ். அவர் பெயரைத்தான் குழுவுக்கு வைத்தார்கள் என்று நினைக்கத் தோன்றும், ஆனால் அவர் வந்து சேர்வதற்கு முன்பே இருந்த பெயர் அது. வியோலா கிறிஸ்டியன் ஃபிரெட்ரிக்சன், செல்லோ வெண்டி டாய்ல். சிகாகோவில் 1995இல் மேடையேறிய ஒரு நிகழ்ச்சிக்காக எழுதிய இசை, 1996இல் ஆல்பமாக வந்தது.

நான் சின்ன வயதில் கோயில் வகுப்பில் ஆறு வருடம் கர்நாடக வயலின் கற்றவன். அதனால் வில் தந்தியில் படுகிற சத்தம் கேட்டாலே காது தானாக அங்கே போய்விடும். இதில் என்னைக் கட்டிப்போட்டது வியோலாதான். வயலினைவிடக் கொஞ்சம் பெரியது, சுருதி ஐந்து சுரம் கீழே, குரல் கட்டிய பெரியம்மா தாலாட்டுப் பாடுவது போல ஒரு நாதம். கமகமே இல்லை. ஒரு சுரத்தைப் பிடித்தால் அசைக்காமல் அப்படியே நிறுத்தி வைக்கிறார்கள், நமக்குப் பழகிய காதில் அது முதலில் வெறுமையாகத்தான் கேட்கும், ஆனால் இரண்டாம் மூன்றாம் முறை கேட்கும்போது அந்த அசையாத சுரத்துக்குள்ளேயே வில்லின் அழுத்தம் கூடுவதும் குறைவதும் பிடிபட ஆரம்பிக்கும், அப்புறம் விடவே மனசு வராது.

எகோன் ஷீலே யார் என்று தெரிந்துகொண்டு கேட்பது நல்லது. ஆஸ்திரிய ஓவியர், 1890இல் பிறந்தவர். தன்னையே திரும்பத் திரும்ப வரைந்தவர், எலும்பும் முறுக்கிய விரல்களுமாக. ஆல்பத்திலும் 'செல்ஃப் போர்ட்ரெய்ட் சீரிஸ்' என்று மூன்று இடத்தில் வருகிறது. வாலி என்ற பெண் பல வருடம் அவரோடு இருந்தாள், அவருடைய படங்களுக்கு நின்றாள். 1915இல் அவளை விட்டுவிட்டு எடித்தைக் கல்யாணம் செய்துகொண்டார். வருடத்துக்கு ஒரு முறை நாம் இரண்டு பேரும் சேர்ந்து விடுமுறைக்குப் போகலாம் என்று வாலியிடம் சொல்லியிருக்கிறார், அவள் முடியாது என்று போய்விட்டாள். இருவரும் தழுவி விடைபெறும் இடத்துக்கு ஆல்பத்தில் தனியாக ஒரு இசை இருக்கிறது. அது வரும்போது நான் கைவேலையை நிறுத்திவிடுவேன்.

1918 அக்டோபரில் ஸ்பானிஷ் ஃப்ளூ காய்ச்சலில் எடித் இறந்தாள், ஆறு மாதக் கர்ப்பிணி. மூன்று நாள் கழித்து ஷீலேயும் போனார், வயது 28. அந்த வருடம் அவர் வரைந்த 'குடும்பம்' என்ற படத்தில் ஆணும் பெண்ணும் ஒரு குழந்தையும் இருக்கிறார்கள். அவருக்குப் பிறக்காமலே போன குழந்தை. ஆல்பம் 'ஃபேமிலி போர்ட்ரெய்ட்' என்று தொடங்கி 'செகண்ட் ஃபேமிலி போர்ட்ரெய்ட்' என்று முடிவது எனக்கு இதற்குப் பிறகுதான் உறைத்தது. எங்கள் வீட்டு ஹாலில் தாத்தா காலத்து ஸ்டூடியோ படம் ஒன்று மாட்டியிருக்கிறது, பாட்டி மடியில் இருக்கும் பிள்ளை இரண்டு வயதுக்கு மேல் உயிரோடு இருக்கவில்லை. முதல் இசையில் பியானோ வட்டம் வட்டமாகச் சுற்றி வரும்போது நான் பார்ப்பது அந்தப் படத்தைத்தான்.

குறை இல்லாமல் இல்லை. நடுவில் ஓவியனின் அறையில் வாலியும் மற்ற மாடல்களும் இருக்கிற பகுதி நீண்ட நேரம் ஓடுகிறது, மேடையில் ஆட்கள் அசைய அது போதுமானதாக இருந்திருக்கும், வெறும் காதுக்கு நீளம். இன்னொன்று, காட்ஸ்பீட் யூ பிளாக் எம்பரர் என்ற போஸ்ட்-ராக் குழு மாதிரி மெல்லத் தொடங்கி மேலே ஏறி வெடிக்கும் என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான். இது வெடிக்காது. மூன்று பேர் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டு வாசிக்கிறார்கள், பலம் முழுக்க அங்கே இருக்கிறது.

பாயான் லெப்பாஸ் வேலைக்குப் போகும் பேருந்தில் கேட்டுப் பார்த்தேன், செல்லோ சுத்தமாகக் காணாமல் போய்விட்டது. ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து, விடிவதற்கு முன்னால், ஸ்பீக்கரில் குறைந்த சத்தத்தில் முதலிலிருந்து கடைசி வரை வரிசை மாற்றாமல் கேளுங்கள். போன வாரம் அப்படிப் போட்டிருந்தேன். அம்மா எழுந்து வந்து, தண்ணீர் வைக்கப் போனவர் அடுப்பைப் பற்றவைக்காமல் நின்று, "யாரு தம்பி வயலின் வாசிக்கிறது?" என்று கேட்டார். வியோலாம்மா என்றேன். முடியும் வரை அங்கேயே நின்றார்.