ஹட்டனில் ஒரு சாப்பாடும் ஒரு நேர்மையான பில்லும்

ஹட்டன் டவுனில் படியேறிப் போகிற ஒரு மாடிக் கடை. பேரைச் சொல்லவில்லை, குறையும் சொல்லப்போகிறேன் என்பதால். போன ஞாயிற்றுக்கிழமை கொழும்பிலிருந்து வந்த மருமகனோடு போனேன்.

கீரிச் சம்பாச் சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பிரட்டல், கோழிக் கறி. பிரட்டல் அருமை. கோழியில் உப்பு கூட. கை கழுவும் குழாயில் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். சுற்றிவரத் தேயிலை மலை இருக்க, தந்த பிளேன்டீ ஆறிப்போய், மண்டியாக இருந்தது. முப்பது வருஷம் தோட்டத்து ஆபீசில் கிளாக்கராக இருந்தவனுக்கு இது அடுக்குமா?

ஆனாலும் பில்லுக்காகவே திரும்பப் போவேன். சாப்பாடு 1,850 ரூபாய், சேவைக் கட்டணம் 10 வீதம் 185, வற் (பெறுமதி சேர் வரி) 18 வீதம் 366.30, மொத்தம் 2,401.30. எல்லாம் தனித்தனியாக அச்சடித்திருந்தது.

அதைப் பார்த்ததும் மருமகன் ஆரம்பித்தார். "சண்டை நடக்கிற நாட்டில்கூட வரியைக் குறைக்கவேணும் மாமா. அப்பதான் வியாபாரம் படுக்காது. 2003இல் அமெரிக்க ஜனாதிபதி புஷ் செய்தாரே!"

செய்தார்தான். மார்ச்சில் ஈராக் சண்டை, மே மாதம் வரிக் குறைப்பு. சண்டைச் செலவு கடனில் ஏறியது. வியட்நாம் சண்டைக்கு 1968இல் அப்போதைய அமெரிக்க ஜனாதிபதி ஜான்சன் வருமான வரிக்கு மேல் இன்னொரு 10 வீதம் போட்டார். அமெரிக்கர்களுக்குச் சண்டையின் விலை கையில் தெரிந்தது. தெரியவேணும் என்பதுதான் என் கட்சி.

நம் இலங்கையில் 1992இல் தேசிய பாதுகாப்பு வரி வந்தது. ஆபீசுக்கு வரும் பில்களில் அந்தப் பேரை நானே பார்த்துப் பதிந்திருக்கிறேன். பொருளின் விலையோடு சேர்ந்து வருகிற வரி கொழுந்து பறிக்கிற அம்மாவுக்குத்தான் கனம், துரைக்கு அல்ல. குறைப்பதென்றால் சண்டைக் காலத்தில் அதைக் குறைக்கட்டும், பெரிய வருமானக்காரரின் வரியைக் குறைக்காமல் விடட்டும். 2002 ஆகஸ்டில், யுத்த நிறுத்தக் காலத்தில், பாதுகாப்பு வரியை வற்றுக்குள் கரைத்துவிட்டார்கள். அப்புறம் 2006இல் சண்டை திரும்பி வந்தது. பில்லில் அந்தப் பேர் திரும்பி வரவில்லை.

மருமகன் விடவில்லை. சண்டையே இல்லாத 2019 டிசம்பரில் வற்றை 15இலிருந்து 8 வீதமாக்கியபோது கைதட்டியவர் அவர். வரி வருமானம் விழுந்து, நாட்டின் கஜானா காலியான 2022இல் பெற்றோல் கியூவில் இரண்டு நாள் காரிலேயே தூங்கியவரும் அவர்தான். இதைச் சொன்னதும் பேசாமல் கோழியைச் சாப்பிட்டார்.

போகிறவர்கள் பன்னிரண்டரைக்கு முன்னால் போங்கள், ஒரு மணிக்குள் கத்தரிக்காய் முடிந்துவிடும். தேத்தண்ணியை வீட்டுக்கு வந்து குடித்துக்கொள்ளுங்கள். பில்லை மருமகன்தான் கட்டினார், வற்றோடு சேர்த்து.