பசுமைக் கூரையும் ஒரு அரசங்கன்றும்: ஆறு வருஷ அனுபவம்

மேடவாக்கத்தில் வீடு கட்டும் கொழுந்தன் போன வாரம் போன் பண்ணினான். "அண்ணி, மாடியில மண் பரப்பிச் செடி வளர்க்கிற பசுமைக் கூரை போடலாம்னு இருக்கேன். எந்த டைப் நல்லது?" கேட்ட நேரம் சரியில்லை. எங்கள் பசுமைக் கூரையில் ஒழுகல் பார்க்க வந்த கொத்தனாருக்குக் கூலி கொடுத்து அனுப்பிவிட்டு அப்போதுதான் உட்கார்ந்திருந்தேன். "ஒண்ணும் வேண்டாம், வெள்ளை ஓடு ஒட்டிட்டுப் போ" என்று வைத்துவிட்டேன். இப்போது கோபம் கொஞ்சம் ஆறியிருக்கிறது.

நங்கநல்லூரில் எங்கள் மாடியில் போட்டது எக்ஸ்டென்சிவ் வகை. பத்து சென்டிமீட்டர் மண் கலவை, மேலே படரும் செடிகள். 2019 ஜனவரியில், மழை ஓய்ந்த கையோடு போட்டோம். அந்தக் கோடையில்தான் ஊரே லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றது. துணி அலசின தண்ணீரை ஊற்றித்தான் செடிகளைக் காப்பாற்றினோம். விற்றவர் ஜெர்மனி படங்களைக் காட்டித் தலையில் கட்டிய, சதைப்பற்றான இலை உள்ள சீடம் செடிகள் நம் புழுக்கத்தில் அழுகிப்போயின. பிழைத்தவை பத்துமணிப் பூவும் பொடுதலையும்தான். பொடுதலை இன்று பாய் விரித்த மாதிரி கிடக்கிறது. மாமியார் பொடுகுக்கு எண்ணெய் காய்ச்ச அதைத்தான் பறிக்கிறார்.

குளிர்ச்சியைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன். மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் அறை, கத்திரி வெயிலில் ராத்திரி பதினொரு மணிக்கும் அனல் கக்கும். கீழே ஹாலில் பாய் போட்டுப் படுத்த என் பெண், அந்த மே மாதமே தலையணையைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டாள்.

ஆனால் இந்த அரசங்கன்று!

காக்கா தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்து எச்சம் போடும். கைப்பிடிச் சுவர் வெடிப்பிலேயே முளைக்கிற விதைக்கு நாம் மெத்தை வேறு விரித்திருக்கிறோம். இரண்டு இலை விட்டதும் பிடுங்கினால் வேரோடு வரும். பிடுங்காமல் ஒரு மழை போய்விட்டால் போச்சு, தண்டு மட்டும் கையோடு வரும். ஆறு வருஷமாக என் ஞாயிற்றுக்கிழமைக் காலை இதற்கே போகிறது.

ஒன்று தப்பிவிட்டது. மழைநீர்க் குழாய் வாயருகே, பொடுதலைக்கு அடியில் ஒளிந்திருந்தது. வேர் தடுக்கும் ஷீட்டைக் குழாய் வாய்க்கு ஒரு சாண் முன்னாலேயே வெட்டி நிறுத்தியிருந்தார்கள். அந்த இடைவெளியில் வேர் நூல் மாதிரி இறங்கி, வாட்டர்ப்ரூஃபிங்கைக் கிழித்து, பூச்சுக்குள் போய்விட்டது. ஓதம் தெரிந்ததோ பத்தடி தள்ளி, பீரோவுக்கு மேலே. ஓட்டை எங்கே என்று தேட மண், அதன் கீழே விரித்த வடிகட்டும் துணி, வடிகால் ஷீட் எல்லாவற்றையும் பத்தடிக்குப் பெயர்க்க வேண்டியதாயிற்று. ஷீட் நல்ல ஷீட்தான். வெட்டிய கைதான் சரியில்லை.

அதனால்தான் தம்பி, உனக்கு ட்ரே வகை, அதாவது செடிகளைத் தனித்தனி ட்ரேயில் வைத்து அடுக்குவது. ஒழுகினால் ட்ரேயைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கலாம். நர்சரிக் கடை மாதிரி இருக்கும், இருக்கட்டும். எலுமிச்சை மரம், புல்தரை என்று ஆழமாக மண் போடும் இன்டென்சிவ் வகை ஆசை இருந்தால், தளம் போடுவதற்கு முன்பே இன்ஜினீயரிடம் சொல். ஆள் நடமாடும் மொட்டைமாடிக்கு சதுர மீட்டருக்கு 150 கிலோ என்றுதான் பொதுவாகக் கணக்குப் போடுவார்கள். சாதாரணத் தோட்டத்து மண் பத்து சென்டிமீட்டர் நனைந்தாலே 200 கிலோவை நெருங்கிவிடும். மரத்துக்கு அதைப் போல நாலைந்து மடங்கு ஆழம் வேண்டும். கலவையில் தேங்காய் நார்த்தூளைக் கொட்டிச் சுமையைக் குறைக்கலாம், ஆனால் அளவு மீறக் கூடாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் குழாய் வாய் அடைத்து, எங்கள் மாடியில் நாலு விரல் தண்ணீர் நின்றது. நார்த்தூள் முழுக்க மிதந்து கைப்பிடிச் சுவரோரம் ஒதுங்கியது.

எந்த வகையானாலும் மண் ஏற்றும் முன் பாத்தி கட்டி இரண்டு நாள் தண்ணீர் நிறுத்திப் பார். குழாய் வாயைச் சுற்றி ஒரு முழம் வெறும் கூழாங்கல்தான் இருக்க வேண்டும்.

கொத்தனார் போகும்போது கேட்டார்: "இதையெல்லாம் கீழ இறக்கிடலாமாம்மா? ஓடு ஒட்டிட்டா தொல்லை விட்டுச்சு." உனக்கு போனில் சொன்ன அதே யோசனை. "பழையபடியே போட்டுடுங்க" என்றேன்.

வர்ற ஞாயிறு காலை வா, நேரில் பார்த்தே முடிவு பண்ணு. கன்று பிடுங்க எனக்கும் ஒரு கை கூடும்.