மிட்டி அத்தர் வாங்கலாமா என்று கேட்டவருக்கு

வெயிலுக்கு மிட்டி அத்தர் வாங்கலாமா, நீங்கதான் வருஷக்கணக்காகப் போடுறீங்களே, எப்படி இருக்கு என்று நண்பர் ஒருவர் போனில் கேட்டார். ஒரு வரியில் பதில் சொல்லப் பார்த்தேன், முடியவில்லை. புகழ ஆரம்பித்தால் திட்டில் போய் முடிகிறது. திட்ட ஆரம்பித்தால் பாதியிலேயே மணிக்கட்டை மோந்து பார்த்துவிட்டுச் சமாதானமாகிவிடுகிறேன். அதனால் எழுதியே விடுகிறேன்.

மிட்டி அத்தர் என்னவென்று கேட்டவருக்கே தெரியும். முதல் மழை விழுந்த மண்ணின் வாசனையை எண்ணெயில் பிடித்து வைத்தது, உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் செய்வது, ஆல்கஹால் கிடையாது, மணிக்கட்டில் ஒரு சொட்டு போதும். அதெல்லாம் சரி. என் தகராறு அந்த எண்ணெயோடுதான். அது சந்தன எண்ணெய்.

போட்டவுடன் முதல் கால் மணி நேரம் இருக்கிறதே, அதற்கு ஈடாக நான் எதையும் மோந்ததில்லை. புதுப்பானையில் தண்ணீர் ஊற்றும்போது வருகிற அதே குளிர்ச்சி, அடியில் லேசான புகை, கொஞ்சம் தூசி. வேலூர்ப் பக்கம் மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது செய்தியே இல்லை, அந்த மத்தியானத்தில் இதைப் போட்டுக்கொண்டு கூடத்தைக் கடந்தால் சமையலறையிலிருந்து குரல் வரும், "மழை வருதா பாருங்க, மாடியில வடாம் காயுது." வானத்தில் ஒரு பொட்டு மேகம் இருக்காது. இது ஒரு தடவை இல்லை, பல தடவை நடந்திருக்கிறது.

அப்புறம் மண் நழுவ ஆரம்பிக்கும். ஒரு மணி நேரத்தில் மிச்சமிருப்பது சந்தனம், வெறும் சந்தனம். அது சாயங்காலம் வரை போகாது, சட்டைக் காலரில் மறுநாளும் இருக்கும், போதாக்குறைக்கு வெள்ளைச் சட்டையில் எண்ணெய்ப் பொட்டு வேறு. "என்னண்ணே, யார் வீட்டுக் கல்யாணம்?" என்று கேட்காத ஆள் எங்கள் ஆபீஸில் இல்லை. மழையில் நனைந்த மனுஷனாகக் கிளம்பி, பத்தரை மணிக்குப் பந்தலில் பன்னீர் தெளிக்கிறவனாகப் போய்ச் சேருகிறேன்.

வேறு ஊர்க்காரருக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. நான் ஆம்பூர்க்காரன். ஜவ்வாது மலை எங்களுக்குத் தூரமில்லை, சந்தன மரத்துக்குப் பேர்போன மலை அது. பக்கத்துத் திருப்பத்தூரில் வனத்துறையின் சந்தனக் கிடங்கே இருக்கிறது, ஏலமும் அங்கே நடக்கும். கன்னோஜின் அத்தர்காரர்கள் காலங்காலமாக நம்பியிருந்தது தெற்கிலிருந்து போன சந்தனத்தை. அதாவது நம்ம ஊர்ப்பக்கத்து மரத்தின் வாசனையை உத்தரப் பிரதேசம் வரை போய், பத்து மில்லிக்குச் சில ஆயிரம் ரூபாய் கொடுத்து, பத்திரமாகத் துணியில் சுற்றித் திரும்ப ஊருக்கே கொண்டுவந்துகொண்டிருக்கிறேன். இதை நினைத்தால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

ஆனால் அந்தக் கால் மணி நேரத்துக்குள் கன்னோஜ் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். எங்களுடையது தோல் தொழில். வேலை விஷயமாகக் கான்பூரில் ஜாஜ்மாவுக்குப் போவேன், கங்கைக் கரையில் வரிசையாகத் தோல் பதனிடும் இடங்கள், அந்த நாற்றம் எனக்குச் சோறு போடுவது, குறை சொல்ல மாட்டேன். அங்கிருந்து கன்னோஜ் 80 கிலோமீட்டர் சொச்சம். முதலில் போனது ஜூன் ஆரம்பத்தில், லூ என்கிற அனல்காற்று அடிக்கிற சமயம். பஸ் ஜன்னலைத் திறந்தாலும் வேகும், மூடினாலும் வேகும். முகத்தில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு, ஆற்று மணலில் விளைந்த வெள்ளரிக்காய்களை உப்பு தொட்டுத் தின்றுகொண்டே போய் இறங்கினேன். ஹர்ஷர் தலைநகராக வைத்து ஆண்ட ஊர், யுவான் சுவாங் வந்து பார்த்த ஊர் என்றெல்லாம் நினைத்துக்கொண்டு இறங்கினால் தூசி, குறுகலான சந்து, திறந்த சாக்கடை. அந்தச் சாக்கடையைத் தாண்டி ஒரு கதவிலிருந்து மல்லிகை வரும், அடுத்த கதவிலிருந்து என்னவென்றே தெரியாத ஏதோ ஒன்று வரும்.

கடையில் வெள்ளை விரிப்பு போட்ட மெத்தையில் உட்கார வைத்தார்கள். பெரியவர் ஒருவர் பஞ்சில் தொட்டு என் காது மடலில் செருகிவிட்டார். ஷமாமா காட்டுங்கள் என்றேன், மூலிகையும் மசாலாப் பொருட்களும் சேர்த்து இறக்குகிற அத்தர் அது. கேள்விப்பட்ட பெயர் அது ஒன்றுதான். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அது உடம்புக்குச் சூடு, குளிர்காலத்தில் வா, ஜூன் மாதத்தில் விற்க மாட்டேன் என்றுவிட்டார். கோடைக்கு என்றால் கஸ் என்கிற வெட்டிவேர், குலாப் என்கிற ரோஜா, தாழம்பூ, மிட்டி, அவ்வளவுதான். காசு கொடுக்க வந்த ஆளிடம் இப்படிப் பேசுகிற கடையை எனக்கு உடனே பிடித்துப் போயிற்று.

பின்கட்டில் மிட்டி இறங்கிக்கொண்டிருந்தது. சூளையில் சுட்ட மண் ஓடுகளைத் தண்ணீரோடு தேக் என்கிற செம்பு அண்டாவில் போட்டு, மூடியின் விளிம்பைக் களிமண்ணும் பஞ்சும் குழைத்து அடைத்துவிடுகிறார்கள். கயிறு சுற்றிய மூங்கில் குழாய் ஒன்று ஆவியைக் கீழே கொண்டுபோகிறது. அங்கே தண்ணீர்த் தொட்டிக்குள் பப்கா என்கிற செம்புக் குடம், அதில்தான் சந்தன எண்ணெய் காத்திருக்கும். வெப்பமானி கிடையாது. ஒருவர் அவ்வப்போது தண்ணீருக்குள் கையை விட்டுக் குடத்தைத் தொட்டுப் பார்க்கிறார், சூடு ஏறிவிட்டால் அண்டா மேல் ஈரத்துணியைப் போட்டுக் கொதியை அடக்கிவிட்டுக் குடத்தை மாற்றுகிறார். எண்ணெய் மேலே நிற்க, அடியில் தங்கிய தண்ணீரை வடித்துவிட்டு மறுபடியும் புது மண். இப்படியே நாள்கணக்கில், எண்ணெய் மண்வாசனையைக் குடித்துத் தீர்க்கிற வரைக்கும். வெளியே அனல்காற்று, உள்ளே விறகடுப்பு, நடுவில் மழை வாசனை. சிரிப்புத்தான் வந்தது.

அத்தரை ஊற வைக்கிற குப்பிகளையும் காட்டினார்கள். தோலில் செய்தவை, அந்தக் காலத்தில் ஒட்டகத் தோலாம். எண்ணெயில் ஒளிந்திருக்கிற ஈரம் தோல் வழியாக மெல்ல வெளியேறிவிடும், எண்ணெய் உள்ளேயே நிற்கும். தோல்காரனாக நான் அந்தக் குப்பியைத்தான் விலை கேட்டேன். தரவில்லை.

இதே மண்வாசனையைப் பற்றி ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் இரண்டு பேர், இசபெல் ஜாய் பியரும் ரிச்சர்ட் தாமஸும், 1964ல் நேச்சர் இதழில் எழுதினார்கள். வறண்ட காலத்தில் செடிகள் விடுகிற எண்ணெய்ப் பொருட்கள் மண்ணிலும் கல்லிலும் ஏறிக்கொள்ளும், ஈரம் பட்டதும் வெளியே வரும் என்பது அவர்கள் சொன்ன விளக்கம். கூடவே மண்ணில் வாழும் நுண்ணுயிரிகள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளும் மழை வாசனையில் சேர்த்தி, பீட்ரூட்டில் அடிக்கும் மண்வாடைக்கும் அதுதான் காரணம். இணையத்தில் மலிவாக ஒரு மிட்டி வாங்கிப் பார்த்தேன், பேர் சொல்ல விரும்பவில்லை. சந்தனத் தொல்லை சுத்தமாக இல்லை. ஆனால் நாள் முழுக்க நறுக்கிய பீட்ரூட்டோடு உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது. கன்னோஜிலும் எல்லாக் கடையும் யோக்கியம் என்று சொல்ல மாட்டேன். சந்தன எண்ணெய் கிலோ லட்சத்தைத் தாண்டிவிட்ட பிறகு பாரஃபின் எண்ணெயில் இறக்கி விற்பது சாதாரணமாகிவிட்டது, விலை மலிவாக இருந்தால் கேட்காமலே தெரிந்துகொள்ளுங்கள்.

நியாயமாகப் பார்த்தால் சந்தனத்தின் மேல் தப்பில்லை. மண்ணின் வாசனை சட்டென்று பறந்துவிடக்கூடியது, சந்தனம் கனமானது, மெதுவாக ஆவியாவது, அது பிடித்து வைத்திருப்பதால்தான் எனக்கு அந்தக் கால் மணி நேரமே கிடைக்கிறது. வெந்நீரில் குளித்துவிட்டு உடனே போடாமல் உடம்பு ஆறியபின் போட்டால் மண் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கிறது, கைக்குட்டையில் தொட்டு வைத்தால் அதைவிட அதிகம். எல்லாம் தெரியும். தெரிந்தும் பத்தரை மணிக்கு அந்தக் கல்யாண வாசனை மூக்கில் ஏறும்போது கோபம் வருகிறது, என்ன செய்ய.

ஆகவே கேட்டவருக்கு என் பதில்: வாங்காதீர்கள். இந்த விலைக்கு இது அநியாயம். கோடைக்குக் குளிர்ச்சிதான் வேண்டுமென்றால் ரூஹ் கஸ் பாருங்கள், வெட்டிவேரிலிருந்து நேரே வடித்த எண்ணெய், சந்தனக் கலப்பே கிடையாது, பச்சையாக இருக்கும், காலையில் போட்டது சாயங்காலம் வரை அதே வெட்டிவேராகவே இருக்கும். அதுவும் விலைதான், ஆனால் ஏமாற்றாது.

என் பாட்டிலில் அடியில் கொஞ்சம்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஜூனில் கான்பூர் வேலை ஒன்று வருகிறது, எனக்கு மிட்டிதான் வாங்கப் போகிறேன். உங்களுக்குக் கஸ் வேண்டுமென்றால் அதற்குள் சொல்லிவிடுங்கள். மிட்டி கேட்டால் வாங்கிவர மாட்டேன், அப்புறம் சந்தனமாக அடிக்குது என்று என்னிடம்தான் சண்டைக்கு வருவீர்கள்.