உதய்ப்பூரில் விசேஷம் வைக்கப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

உதய்ப்பூருக்குக் குடும்பத்தோடு போய் கல்யாண நாளோ அறுபதாம் கல்யாணமோ கொண்டாட நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். டிசம்பரில் எங்களுக்கு நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். ஏற்பாடு செய்தவர் பெயரையும் ஹோட்டல் பெயரையும் போடவில்லை. புகார் விசாரணையில் இருக்கிறது.

அப்பா அம்மாவுக்குக் கல்யாணமாகி 50 வருஷம். கல்யாணமான புதிதில் அப்பாவுக்கு உதய்ப்பூரை ஒட்டிய தேபாரி துத்தநாக ஆலையில் வேலை. மதுரையை விட்டு வெளியே போயிராத அம்மா, ஒரு வார்த்தை இந்தி தெரியாமல் தனிக்குடித்தனம் வைத்த ஊர் அது. பிச்சோலா ஏரி, ஜக்தீஷ் கோயில் என்று எங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே கதை சொல்லி வளர்த்தார்கள். பொன்விழாவை அங்கேதான் வைப்பது என்று நானும் தம்பியும் அண்ணனும் பேசி முடிவு செய்தோம். பேரப்பிள்ளைகளையும் சேர்த்து ஐந்து அறை வேண்டியிருந்தது. அப்பா அம்மாவிடம் மூச்சு விடவில்லை. டிக்கெட்டைக் கையில் கொடுத்தபோதுதான் சொன்னோம்.

ஏற்பாட்டாளர் சென்னைக்காரர். நன்றாகப் பேசுவார். "அக்கா, ஏர்போர்ட்ல இறங்குனதுலேர்ந்து திரும்ப ஃபிளைட் ஏத்திவிடுற வரைக்கும் என் பொறுப்பு. நீங்க அப்பா அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு நடந்து வந்தா போதும்" என்றார். எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டோம், கொடுத்தார். ஏரி பார்த்த அறைகள், சூரிய அஸ்தமன நேரத்தில் எங்களுக்கு மட்டும் தனிப்படகு, ஏரிக்குள் இருக்கும் ஜக் மந்திர் தீவில் மாலை மாற்றி அங்கேயே ராத்திரி சாப்பாடு. மொத்தம் 2,40,000 ரூபாய். முன்பணம் 60 சதவீதம், அதாவது 1,44,000. அம்மாவுக்கு முழங்கால் வலி, லிஃப்ட் இல்லையென்றால் தரைத்தள அறை கட்டாயம் வேண்டும் என்று வாட்ஸாப்பில் தனியாகக் கேட்டேன். "கன்ஃபர்ம் அக்கா" என்று பதில் வந்தது. அவர் கொடுத்த பழைய வாடிக்கையாளர் எண்களுக்கும் பேசிப் பார்த்தோம். எல்லோரும் ஆஹா ஓஹோ என்றார்கள். அந்த எண்கள் எதுவும் இப்போது எடுப்பதில்லை.

தபோக் விமான நிலையத்திலிருந்து வேனில் வரும்போது அப்பா தேபாரியைக் காட்டிக்கொண்டே வந்தார். அதுவரை எல்லாம் நல்லபடி. ஏரிக்கரையின் பழைய நகரச் சந்துகளில் வேன் நுழையாது. இதை யாரும் எங்களிடம் சொல்லவில்லை. பெட்டிகளை இறக்கி ஆட்டோவில் ஏற்றி, ஜக்தீஷ் கோயில் பக்கத்தில் இறங்கி, மிச்ச தூரம் நடை. போய் நின்றால் அது ஒரு ஹவேலி, அதாவது பழைய காலத்து மாளிகை வீடு. லிஃப்ட் இல்லை. தரைத்தளத்தில் அறையே இல்லை, சாமான் கிடங்கும் வரவேற்பு மேஜையும்தான். படிகள் ஒவ்வொன்றும் ஒரு அடி உயரம், ஒரு ஆள் போகிற அகலம், கைப்பிடிக்குப் பதிலாகச் சுவரில் ஒரு தடிமனான கயிறு. அம்மா பக்கவாட்டில் திரும்பி, இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்து, வலிக்காத காலை முதலில் வைத்து, மற்றதை இழுத்து வைத்து ஏறினார். பின்னால் தம்பி, முன்னால் நான். இரண்டாவது மாடி போய்ச் சேர்ந்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வேர்வை, அந்தக் குளிரிலும்.

அறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. "ஏரி பார்த்த அறை" எங்கே என்று கேட்டால் மொட்டை மாடியைக் காட்டுகிறார்கள். அங்கே ஒரு மூலையில் நின்று எட்டிப் பார்த்தால் தண்ணீர் தெரிகிறது.

அப்போதுதான் அப்பாவிடம் ஏற்பாட்டாளர் அனுப்பிய படத்தைக் காட்டினேன். ஒரே பார்வையில் சொல்லிவிட்டார்: "இது இந்தக் கரையே இல்லம்மா." எல்லோருக்கும் பயன்படும் என்பதால் அவர் சொன்னதை விளக்கமாகவே எழுதுகிறேன். சிட்டி பேலஸ் பிச்சோலாவின் கிழக்குக் கரையில் இருக்கிறது. ஜக்தீஷ் கோயில், லால் காட், கங்கோர் காட் எல்லாம் அதே கரை (காட் என்றால் படித்துறை). அரண்மனையின் முழு முகப்பும் நேர் எதிரே தண்ணீரில் விழுகிற மாதிரி ஒரு படம் இருந்தால், அது எதிர்க்கரையிலிருந்து, ஆம்ப்ராய் காட், ஹனுமான் காட் பக்கத்திலிருந்து எடுத்தது. ஜக்தீஷ் கோயில் பக்கத்து ஹோட்டல் எதன் ஜன்னலிலிருந்தும் அந்தக் காட்சி கிடைக்காது. கிழக்குக் கரையில் ஏரியைப் பார்த்த அறை கிடைத்தால் மேற்கே சூரியன் மறைவதைப் பார்க்கலாம், மேற்குக் கரையில் கிடைத்தால் ராத்திரி விளக்கு போட்ட அரண்மனையைப் பார்க்கலாம். இரண்டையும் ஒரே ஜன்னலில் காட்டுகிற விளம்பரத்தை நம்பாதீர்கள்.

அறைச் சாவி உடனே கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை. சென்னைக்காரர் உள்ளூர் ஆள் ஒருவரிடம் வேலையை விட்டிருக்கிறார். உள்ளூர் ஆள் ஹோட்டலுக்கு முழுப் பணம் கட்டவில்லை. அவர் கட்டினால்தான் சாவி என்கிறது ஹோட்டல். பாக்கி 96,000 ரூபாயைத் தன்னுடைய சொந்த யூபிஐ எண்ணுக்கு அனுப்பினால்தான் கட்டுவேன் என்கிறார் அவர். சென்னைக்குப் போன் போட்டேன். "அக்கா, பெரியவங்க முன்னாடி எதுக்கு இந்தப் பேச்சு? விசேஷத்துக்கு வந்திருக்கீங்க. அனுப்பிவிட்டுருங்க, ஊருக்கு வந்ததும் கணக்குப் பார்த்துக்கலாம்" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தில்தான் அவர்கள் தொழிலே நடக்கிறது. சாதாரணச் சுற்றுலாவுக்குப் போனவன் என்றால் வரவேற்பறையிலேயே உட்கார்ந்து கத்துவான், வேறு ஹோட்டலுக்குப் போய்விடுவான். விசேஷத்துக்கு வந்த குடும்பம் அப்படிச் செய்யாது. எழுபது வயதைத் தாண்டிய இரண்டு பேர் கால் வலியோடு உட்கார்ந்திருக்கிறார்கள், விடிந்தால் அவர்கள் நாள், கல்யாண சீசன் என்பதால் பக்கத்து ஹோட்டல் எதிலும் ஐந்து அறை சேர்ந்து கிடைக்காது. சண்டை போட்டால் கெடுவது நம் வீட்டு நாள். இதையெல்லாம் அவர்கள் துல்லியமாகக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். பேச ஆரம்பித்த முதல் நாளே "என்ன விசேஷம், என்ன தேதி, பெரியவங்களுக்கு என்ன வயசு" என்று அவ்வளவு அக்கறையாகக் கேட்டதெல்லாம் இதற்குத்தான் என்று இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. அண்ணன் பணத்தை அனுப்பினார்.

மறுநாள் காலையில் உள்ளூர் ஆள் வந்து, தீவில் சாப்பிட "அனுமதிக் கட்டணம்" என்று 28,000 ரூபாய் கேட்டார். ரசீது கேட்டதற்குப் படகுத்துறையில் தருவார்கள் என்றார். அதையும் வாங்கிக்கொண்டு போனார்.

நாலரை மணிக்குத் தயாராக இருக்கச் சொன்னார்கள். அம்மா பட்டுப்புடவை கட்டி, அந்தப் படிகளை மறுபடி இறங்கி, கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டிசம்பரில் அங்கே ஆறு மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். எங்களைக் கூட்டிப்போக ஆள் வந்தது ஆறேகாலுக்கு. கொண்டுபோய் ஏற்றியது தனிப்படகே இல்லை. எல்லாரோடும் சேர்ந்து டிக்கெட் போட்டுப் போகிற பொதுப்படகு. இருட்டில் ஒரு சுற்று சுற்றிக் கரைக்கே திரும்பிவிட்டது. தீவில் நிறுத்தவில்லை. அங்கிருந்து ஒரு மொட்டை மாடி உணவகத்துக்கு அழைத்துப் போய், தூரத்தில் தெரிந்த வெளிச்சத்தைக் கைகாட்டி, "அதோ ஜக் மந்திர், இங்கேருந்து நல்லா தெரியுது சார்" என்றார் அந்த ஆள். மாலைகள் வரவே இல்லை. கட்டிக் கொடுத்த 28,000 ரூபாய்க்கு ரசீதும் இல்லை. நான் அங்கேயே அழுதுவிட்டேன். அப்பா ஒன்றும் பேசாமல் அம்மாவுக்கு ரொட்டியைப் பிய்த்துப் பருப்பில் நனைத்து வைத்துக்கொண்டிருந்தார்.

ராத்திரி ஹோட்டல் மேலாளர், சின்னப் பையன், எங்கள் நிலைமையைப் பார்த்துவிட்டு ரிஜிஸ்டரைத் திறந்து காட்டினார். ஒரு அறைக்கு ஒரு நாளைக்கு 3,200 ரூபாய் என்றுதான் பேசியிருக்கிறார்கள். ஐந்து அறை, மூன்று ராத்திரி, மொத்தம் 48,000. ஏரி பார்த்த அறை கேட்கவே இல்லை. முழங்கால் வலி விஷயமும் அவருக்குச் சொல்லப்படவில்லை. சொல்லியிருந்தால் தெரு ஓரத்திலேயே தரைத்தள அறை இருக்கிற இடத்தைக் காட்டியிருப்பேன் என்றார். எங்களுக்குப் பில் போட்டுக் கையெழுத்தோடு கொடுத்ததும் அவர்தான். இன்றைக்கு எங்கள் கையில் இருக்கும் ஆதாரங்களிலேயே பலமானது அந்தத் தாள்.

மறுநாள் நாங்களே கிளம்பினோம். ஜக்தீஷ் கோயில் அடிவாரத்தில் சாமந்தி மாலை வாங்கி, காலை வெயிலில் கங்கோர் காட் படித்துறையில் அப்பாவும் அம்மாவும் மாலை மாற்றிக்கொண்டார்கள். பிறகு சிட்டி பேலஸ் கவுண்டரில் டிக்கெட் எடுத்து, உள்ளே ராமேஷ்வர் காட் துறையிலிருந்து படகேறி ஜக் மந்திருக்குப் போனோம். அனுமதிக் கட்டணம் என்று ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. டிக்கெட் எடுக்கும் யாரும் போகலாம். வாசலில் வரிசையாக நிற்கும் கல் யானைகளைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டி, ஷாஜஹான் இளவரசராக இருந்தபோது அப்பா ஜஹாங்கீரோடு பகைத்துக்கொண்டு இங்கேதான் தஞ்சம் புகுந்தார் என்று அப்பா கதை சொன்னார். சாயங்காலம் பாகோர் கி ஹவேலியில் நாட்டுப்புற நடனம். தலையில் பானைமேல் பானையாக அடுக்கிக்கொண்டு ஆடிய பெண்ணைப் பார்த்து அம்மா கை வலிக்கக் கைதட்டினார். ஊர்மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

வேன் ஓட்டியவர் "அரசாங்கக் கடை" என்று சொல்லி ஒரு கடையில் கொண்டுபோய் இறக்கியதையும் சொல்லிவிடுகிறேன். அரசாங்கக் கடை எதுவும் இல்லை அது, கமிஷன் கடை. ராஜஸ்தான் அரசின் கைவினைக் கடைகளுக்கு ராஜஸ்தலி என்று பெயர். பயணிகளைப் பிடித்துக் கடைக்கும் ஹோட்டலுக்கும் தள்ளிவிடுகிற ஆட்களை அங்கே லப்கா என்பார்கள். அவர்களைத் தடுக்கவே அந்த மாநிலத்தில் 2010இல் தனிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். யாராவது விடாமல் தொந்தரவு செய்தால் 1363க்குக் கூப்பிடுங்கள், மத்திய சுற்றுலாத் துறையின் உதவி எண்.

போகிறவர்கள் தயவுசெய்து அறைப் பணத்தை ஹோட்டலுக்கே நேராகக் கட்டுங்கள். இடையில் யார் இருந்தாலும், ஹோட்டலின் சொந்த எண்ணைத் தேடி எடுத்து, உங்கள் பெயரில் எந்த அறை, எத்தனை ராத்திரி, எவ்வளவு கட்டியிருக்கிறது என்று கேட்டு அவர்களிடமிருந்தே எழுத்தில் வாங்குங்கள். அறை ஜன்னலிலிருந்து வீடியோ காலில் ஏரியைக் காட்டச் சொல்லுங்கள், அப்படியே வாசலிலிருந்து அறை வரை படிகளையும் காட்டச் சொல்லுங்கள். மூத்தவர்கள் வருகிறார்கள் என்றால் ஏரி தெரிவதைவிடப் படிதான் முக்கியம். வண்டி எதுவரை வரும் என்றும் கேளுங்கள். ஏரி நடுவில் தெரியும் வெள்ளை அரண்மனை ஜக் நிவாஸ். இப்போது ஹோட்டலாக இருக்கிறது, தங்குபவர்கள் தவிர மற்றவர்களைப் படகு சுற்றிக் காட்டிவிட்டு வந்துவிடும். அதற்குள் கூட்டிப்போய் காபி வாங்கித் தருகிறேன் என்று பேக்கேஜில் யாராவது எழுதியிருந்தால் மற்ற வரிகளையும் நம்ப வேண்டாம். விசேஷத் தேதியை அறை உறுதியாகும் வரை யாரிடமும் சொல்லாதீர்கள்.

ஊர் திரும்பியதும் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தோம். ஏற்பாட்டாளர் 20,000 ரூபாய் தருகிறேன், புகாரை எடுத்துவிடுங்கள் என்றார். எடுக்கவில்லை. 2019ஆம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், அதற்காக உதய்ப்பூருக்கோ சென்னைக்கோ அலைய வேண்டியதில்லை. கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம், சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் செய்ய வேண்டும். மதுரை மாவட்ட ஆணையத்தில் எங்கள் மனு இருக்கிறது. வாட்ஸாப் உரையாடல், யூபிஐ ரசீதுகள், ஜன்னலிலிருந்து நான் எடுத்த தண்ணீர்த் தொட்டி வீடியோ, மேலாளர் கொடுத்த பில், எல்லாவற்றையும் இணைத்திருக்கிறோம்.

இதே மாதிரி சென்னையில் பேசி, உதய்ப்பூரில் வேறொருவருடைய சொந்த யூபிஐக்குப் பணம் அனுப்ப வைக்கப்பட்டவர்கள் யாராவது இருந்தால் உரையாடலை அழித்துவிடாதீர்கள். எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். மனுவை எப்படி எழுதினோம் என்பதைப் பகிர்ந்துகொள்கிறேன்.