ஹேடாவின் விருந்து மேசையை வீட்டிலிருந்தே காண: ரைக்ஸ் அருங்காட்சியகத்தின் இணையச் சேவை

ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் தன்னிடமுள்ள பழைய ஓவியங்களின் உயர்தரப் படங்களை எவரும் இலவசமாகத் தரவிறக்கிக்கொள்ள வழிசெய்திருக்கிறது. ஹார்லெம் நகரத்து ஓவியர் வில்லெம் கிளாஸ் ஹேடா 1635இல் தீட்டிய, பொன்முலாம் பூசிய கிண்ணம் நிற்கும் விருந்து மேசையை அதன் வழியாகப் பார்த்தபோது, புத்தகங்களில் பல ஆண்டுகளாகப் பார்த்துவந்த அதே படம்தானா இது என்று வியந்துபோனேன்.

பெரிதாக்கிக்கொண்டே போனால், பாதி உரித்த எலுமிச்சையின் சுருண்ட தோலும், சிப்பிகளின் ஈர மினுமினுப்பும், சாய்ந்து கிடக்கும் வெள்ளிப் பாத்திரமும், கண்ணாடிக் கோப்பையின் வயிற்றில் சிறிதாகத் தெரியும் சன்னலும் தனித்தனியே நின்று பேசுகின்றன. சாம்பலும் மங்கிய பச்சையுமாகிய சில நிறங்களைக் கொண்டே வெள்ளி, வெள்ளீயம், கண்ணாடி ஆகிய மூன்றின் ஒளியையும் அவர் வேறுபடுத்தியிருக்கிறார். அந்த நுட்பத்தைச் சிறிய அச்சுப் படத்தில் உணரவே முடியாது.

அதே அருங்காட்சியகத்தில் உள்ள ஆட்ரியான் வான் உட்ரெக்ட்டின் 1644ஆம் ஆண்டு விருந்தோவியம், பழக்குவியலும் கிளியுமாகச் செல்வத்தை உரக்க அறிவிக்கிறது. எனக்கு ஹேடாவின் அடக்கமே பிடித்திருக்கிறது.

மூல ஓவியம் 88 செ.மீ. உயரமும் 113 செ.மீ. அகலமும் கொண்டது. அதே அளவில் அச்சிட ஒரு கடையில் கொடுத்தேன். சாம்பல் நிறம் முழுவதும் பழுப்பாகி, சன்னலின் பிரதிபலிப்பே மறைந்துவிட்டது. ஆகவே, அச்சிட விரும்புவோர் எலுமிச்சைப் பகுதியை மட்டும் முதலில் மாதிரியாக எடுத்து, நிறத்தைத் திரையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.